‘இல்லை’ என்று எழுத 16 பைட்

பாலக்காட்டுக் கல்பாத்தி விசுவநாத சுவாமி கோயிலுக்கு வந்த முதல் வரவு தலவரலாற்றிலேயே இருக்கிறது. ஆண்டு 1425. கொடுத்தவர் லட்சுமி அம்மாள். கொடுத்தது காசியிலிருந்து கொண்டுவந்த பாணலிங்கம், கூடவே 1,320 பொற்காசு. வாங்கிக்கொண்டவர் பாலக்காட்டு அரசர் இட்டிக்கோம்பி அச்சன். ஐந்து விவரம், ஐந்தும் நிரம்பியவை. இதே வரவை இன்றைக்கு ஒரு நன்கொடை மென்பொருளில் ஏற்றிப் பாருங்கள். சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டங்கள் வரிசையாக வந்து மறிக்கும்: குடும்பப்பெயர், கைபேசி எண், பான் எண், அஞ்சல் குறியீடு. நான்கும் அம்மாளிடம் கிடையாது. லிங்கத்தைத் தூக்கிக்கொண்டு அவர் திரும்பிப் போக வேண்டும். இல்லாவிட்டால் கவுண்டரில் இருப்பவர் பத்து ஒன்பதை அடித்து ரசீதைக் கொடுத்து அனுப்ப வேண்டும். இரண்டாவதுதான் நடக்கும்.

அந்தச் சிவப்பு நட்சத்திரத்துக்கு அடியில், தரவுத்தளத்தில் உட்கார்ந்திருக்கும் கட்டளையின் பெயர் ‘நாட் நல்’. ஒரு பத்தியின் மேல் அதைப் போட்டுவிட்டால் அந்தப் பத்தியில் எந்த வரிசையிலும் கட்டம் வெறுமையாக இருக்க முடியாது. வெறுமைக்குத் தரவுத்தளம் வைத்திருக்கும் குறிதான் ‘நல்’. அது பூஜ்யமும் இல்லை, இடைவெளியும் இல்லை, மதிப்பே இல்லாத நிலை. (ஆரக்கிள் என்ற தரவுத்தளம் மட்டும் ஓர் எழுத்தும் இல்லாத வெற்றுச் சரத்தையும் நல் என்றே எடுத்துக்கொள்ளும், அந்தத் தனிக்குணத்தால் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டவர்கள் சென்னை டைடல் பார்க் தொடங்கி பெங்களூரு வரை உண்டு.) எந்தப் பத்திக்கு நாட் நல் போடுவது, எதற்கு விடுவது என்ற கேள்வியைப் பலரும் ஒழுக்கப் பிரச்சினையாகப் பேசுகிறார்கள். இது கணக்குப் பிரச்சினை. விலை போட்டுப் பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

விலையை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் போடுகிறேன். அது இலவசம், அதன் உள்கட்டமைப்பு யாரும் படிக்கத் திறந்து கிடக்கிறது, தாய் அட்டவணையிலிருந்து சேய் அட்டவணைக்குப் பத்திகள் இறங்கும் மரபுரிமை வசதியும் அதில் உண்டு. அந்த வசதி, 1986இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘போஸ்ட்கிரெஸ்’ ஆராய்ச்சித் திட்டத்திலிருந்து வந்தது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இன்றைக்கும் அது இல்லை.

முதலில் சில்லறை விலை. போஸ்ட்கிரெஸ் எல்லாவற்றையும் 8,192 பைட் பக்கங்களில் வைக்கிறது. ஒவ்வொரு வரிசைக்கும் 23 பைட் தலைப்பு, அது போகப் பக்கத்தின் தொடக்கத்தில் 4 பைட் சுட்டி. வரிசையில் ஒரு நல்லாவது இருந்தால், பத்திக்கு ஒரு பிட் வீதம் ஒரு சிறிய வரைபடம் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து 8இன் மடங்குக்கு ஏற்றப்படும். ஆகவே 8 பத்திவரை உள்ள அட்டவணையில் வரைபடத்துக்கு 1 பைட், 23உம் 1உம் 24. நல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 24தான். ஒன்பதாவது பத்தி வந்தால் வரைபடம் 2 பைட், கூட்டினால் 25, ஏற்றினால் 32. அங்கிருந்து 72 பத்திவரை அதே 32. நல் வைத்துக்கொள்வதற்கு ஒரு வரிசைக்கு ஆகும் மொத்தச் செலவு பூஜ்யம், அல்லது 8 பைட்.

மறுபக்கம், நாட் நல்லுக்குப் பயந்து கட்டத்தை எதையாவது போட்டு நிரப்பினால் என்ன ஆகும்? யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ‘கல்பாத்தி’யில் புள்ளியும் துணைக்காலும் கொக்கியும் தனித்தனியாக எண்ணப்பட்டு 9 குறி, 27 பைட், நீளம் சொல்லும் முன்பைட்டைச் சேர்த்தால் 28. ‘இல்லை’ 5 குறி, 15 பைட், முன்பைட்டோடு 16. அதாவது 128 பிட். ஒரு விவரம் இல்லை என்று எழுதுவதற்கு 128 பிட், எழுதாமல் விடுவதற்கு 1 பிட். ‘தெரியாது’ என்றால் 25 பைட்.

சில்லறை விலை தெரிந்தது, மொத்தக் கொள்முதலுக்கு வருவோம். ஒரு மாதிரிக் கணக்கு: தேர்த் திருவிழாவுக்கு ரசீது போடும் ஒரு கமிட்டி, 10,000 ரசீது. இந்த எண்ணும் கீழே வரும் பங்கீடும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. எந்தக் கோயில் கணக்குப் புத்தகத்திலிருந்தும் எடுத்தவை அல்ல.

திருவிழா பற்றிய எண்கள் மட்டும் நிஜம். கல்பாத்தி ரதோற்சவத்தில் 4 கோயில், 6 தேர், 3 நாள். முதல் நாள் விசுவநாத சுவாமி கோயிலின் 3 தேர் புறப்படும். இரண்டாம் நாள் புதிய கல்பாத்தி மந்தக்கரை மகாகணபதியின் தேர் சேரும். மூன்றாம் நாள் பழைய கல்பாத்தி லட்சுமிநாராயணப் பெருமாள், சாத்தபுரம் பிரசன்ன மகாகணபதி தேர்கள் இரண்டும் சேர்ந்து, அன்று மாலை தேர்முட்டியில் சங்கமம். இதை அட்டவணையாக்கினால் தேர், கோயில், புறப்படும் நாள் என்று 3 பத்தி, 6 வரிசை, 18 கட்டம். ஒரு கட்டமும் வெறுமை இல்லை. கோயில் இல்லாத தேர் இருக்க முடியாது, நாள் குறிக்காத தேர் நகராது. மூன்று பத்திக்கும் கண்ணை மூடிக்கொண்டு நாட் நல் போடலாம். யதார்த்தமே கட்டாயமாக இருக்கும் இடத்தில் கட்டளையும் கட்டாயமாக இருப்பதில் யாருக்கும் செலவில்லை.

ரசீது அப்படியில்லை. எல்லா ரசீதுக்கும் பொதுவாக 5 பத்தி: ரசீது எண், தேதி, வகை, தொகை, பெயர். கிராமத்துக் குடும்பம் என்றால் (பாலக்காட்டில் அக்ரகாரத்தைக் கிராமம் என்றுதான் சொல்வார்கள்) இன்னும் 4: கோத்திரம், நட்சத்திரம், வீட்டு எண், கிராமம். கடை அல்லது கம்பெனி என்றால் அந்த நான்கும் பொருந்தாது. பான், முகவரி, பொறுப்பாளர் என்று வேறு 3. வெளிநாட்டில் இருக்கும் குடும்பம் என்றால் கோத்திரம் முதலான நான்கும் உண்டு, கூடவே பாஸ்போர்ட் எண்ணும் குடியுரிமை நாடும். மொத்தம் 14 பத்தி.

குடியுரிமைப் பத்தியை வேண்டாத ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். துபாயில் வேலை பார்க்கிறவர் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருந்தால் அவர் தரும் 5,001 ரூபாய் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் தம்பி அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டால் அதே 5,001 ரூபாய் 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்துவிடும். அதற்குப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லிப் பிரதானக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். அந்த ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் கமிட்டிக்குத் தலைவலி. அங்கே நாட் நல் அவசியம்.

10,000 ரசீதில் குடும்பம் 8,000, கடை–கம்பெனி 1,500, வெளிநாட்டுக் குடும்பம் 500 என்று வைப்போம். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் கொட்டினால்:

குடும்பம்: 8,000 × 5 பொருந்தாத கட்டம் = 40,000
கடை–கம்பெனி: 1,500 × 6 = 9,000
வெளிநாட்டுக் குடும்பம்: 500 × 3 = 1,500
ஆக வெற்றுக் கட்டம் 50,500. மொத்தக் கட்டம் 1,40,000

36 சதவீதம் வெறுமை. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் செலவைப் பாருங்கள்: வரிசைக்கு 8 பைட் வீதம் 80,000 பைட். பத்தே பக்கம். மாறாக, ‘எல்லாக் கட்டமும் கட்டாயம்’ என்று ஒரு மேலாளர் உத்தரவு போட்டு, 50,500 கட்டத்திலும் ‘இல்லை’ என்று அடித்து வைத்தால் 8,08,000 பைட், வரைபடம் போனதில் மிச்சமான 80,000ஐக் கழித்தால் 7,28,000, 89 பக்கம். சுத்தம் என்ற பெயரில் ஏறக்குறைய ஒன்பது மடங்கு குப்பை.

இடத்துக்காக அழ வேண்டாம், 89 பக்கமும் ஒரு மெகாபைட்டுக்குள்தான். நஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரே அட்டவணை முறையில் 14 பத்திகளில் 5க்கு மட்டுமே நாட் நல் போட முடியும். மீதி 9க்கும் காவல் போய்விடுகிறது: பான் இல்லாத கம்பெனி ரசீது நுழையும், குடியுரிமை இல்லாத வெளிநாட்டு ரசீது நுழையும், தடுக்க ஆள் இல்லை. ‘வகை கம்பெனி என்றால் பான் வெறுமையாக இருக்கக் கூடாது’ என்று சரிபார்ப்பு விதிகளை எழுதலாம்தான். 9 பத்திக்கு 9 விதி. அதிலும் ஒரு பொறி உண்டு. ‘தொகை பூஜ்யத்துக்கு மேல்’ என்று சரிபார்ப்பு விதி எழுதிவிட்டு, தொகைக்கு நாட் நல் போட மறந்தவர்கள் ஏராளம். தொகை நல் என்றால் அந்த ஒப்பீட்டின் விடை ‘உண்மை’யும் அல்ல, ‘பொய்’யும் அல்ல, ‘தெரியாது’. சரிபார்ப்பு விதி பொய்யைத்தான் தடுக்கும், தெரியாததை உள்ளே விட்டுவிடும். அப்படி உள்ளே வந்த ஒரு நல், கூட்டலில் சத்தமில்லாமல் ஒளிந்துகொள்ளும். 501, 1,001, நல், 101 என்று நான்கு வரவு. கூட்டுத்தொகை 1,603. சராசரி கேட்டால் தரவுத்தளம் மூன்றால் வகுத்து 534.33 என்று சொல்லும். நான்காம் ஆள் கொடுக்கவே இல்லை என்று தெரிந்தவர் நான்கால் வகுத்து 400.75 என்பார். தணிக்கையாளர் முன்னால் இரண்டு தாளும் ஒரே நாளில் போய் நிற்கும்.

மாற்றாக, வகைக்கு ஓர் அட்டவணை வைக்கலாம். வகைகளை அட்டவணையாக்க மூன்று வழி இருப்பதை 2002இல் வந்த மென்பொருள் வடிவமைப்பு நூல் ஒன்றில் மார்ட்டின் ஃபௌலர் தனித்தனிப் பெயர் கொடுத்து வகைப்படுத்தினார்: எல்லாம் ஒரே அட்டவணை, பொதுவானது ஒரு தாய் அட்டவணையிலும் தனியானது கிளை அட்டவணைகளிலும், ஒவ்வொரு வகைக்கும் முழு அட்டவணை. மூன்றாவதுக்கு நெருக்கமானது போஸ்ட்கிரெஸ்ஸின் மரபுரிமை. ‘ரசீது’ என்று 5 பத்தியில் ஒரு தாய். ‘குடும்பம்’ 5உம் 4உம் 9. ‘கம்பெனி’ 5உம் 3உம் 8. ‘வெளிநாடு’ 5உம் 2உம் 7. வெளிநாட்டுக் குடும்பத்துக்கு ‘குடும்பம்’, ‘வெளிநாடு’ என்று இரண்டு தாய். 9உம் 7உம் 16, இரண்டிலும் பொதுவான 5 பத்தி தானாக ஒன்றோடொன்று கலந்து 11. தாயிடம் கேள்வி கேட்டால் சேய்களின் வரிசைகளும் சேர்ந்து வரும். வெற்றுக் கட்டங்கள் 50,500இலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும். நாட் நல் குடும்பத்தில் 9க்கு 9, கம்பெனியில் 8க்கு 8, வெளிநாட்டுக் குடும்பத்தில் 11க்கு 11 போடலாம்.

நாட் நல்லும் மரபுரிமையும் கைகோக்கும் இடம் இதுதான், விதியும் எளிது: இறுக்கம் கீழ்நோக்கி மட்டுமே கூடலாம். தாயில் கட்டாயமாக இருப்பது சேயிலும் கட்டாயமாக இருந்தாக வேண்டும். தாயில் தளர்வாக இருப்பதைச் சேய் தன் அளவில் கட்டாயமாக்கிக்கொள்ளலாம். தலைகீழாக நடந்தால், ‘பெயர் வெறுமையாகவே இராது’ என்று தாய் வாக்குக் கொடுத்திருக்க, தாயிடம் கேட்ட கேள்விக்குச் சேயிடமிருந்து நல் வந்து விழும்.

போஸ்ட்கிரெஸ் இந்த வாக்கை நெடுங்காலம் காப்பாற்றவில்லை. 17ஆம் பதிப்புவரை நாட் நல் என்பது பத்தியின் விவரத்தோடு இருக்கும் ஓர் ஆம்–இல்லைக் குறி மட்டுமே. அதற்குப் பெயர் கிடையாது, எந்தத் தாயிடமிருந்து வந்தது என்ற பதிவும் கிடையாது. சேய் அட்டவணையில் போய் அந்தக் குறியை எடுத்துவிடு என்று சொன்னால் எடுத்துவிடும், தாயைக் கேட்காது. (ஓர் அட்டவணையைத் துண்டுகளாகப் பிரித்து வைக்கும், 2017இல் 10ஆம் பதிப்போடு வந்த பகுப்பு அட்டவணைகளில் மட்டும் இது அனுமதி இல்லை.) இதைச் சரிசெய்ய, நாட் நல்லையும் மற்ற கட்டுப்பாடுகளைப் போலப் பெயரோடும் வாரிசுக் கணக்கோடும் பட்டியலில் ஏற்ற வேண்டும். போஸ்ட்கிரெஸ் நிரலாளர் அல்வாரோ எரேரா இதை மூன்று முறை உள்ளே கொண்டுவந்தார். 2023 ஏப்ரலில் ஏறியது சில நாளில் திரும்பப் பெறப்பட்டது. 2023 ஆகஸ்டில் மறுபடி ஏறி, ஒன்பது மாதம் இருந்து, 17ஆம் பதிப்பு வெளிவரும் முன் 2024 மே மாதம் மறுபடி வெளியே போனது. 2024 நவம்பரில் ஏறியது நிலைத்தது. 2025 செப்டம்பரில் வெளியான 18ஆம் பதிப்பில் மக்கள் கைக்கு வந்தது. ஓர் ஆம்–இல்லைக் குறிக்குப் பெயர் வைக்க ஏன் மூன்று முயற்சி என்று கேட்கலாம். வரிசையைத் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவி தானாக நாட் நல் கொண்டுவருகிறது, சேய் தாயோடு பின்னால் வந்து சேர்கிறது, இரண்டு தாயில் ஒருத்தி விலகுகிறாள், பழைய தரவுத்தளத்தை அப்படியே பிரதி எடுக்க வேண்டியிருக்கிறது; இந்தச் சந்துகள் ஒவ்வொன்றிலும் அந்தக் குறி யாருடையது என்று சொல்லியாக வேண்டும்.

18இல் கணக்கு இப்படி வைக்கப்படுகிறது. நம் வெளிநாட்டுக் குடும்ப அட்டவணையில் ‘தொகை’ மீதான நாட் நல்லுக்கு வாரிசு எண்ணிக்கை 2, இரண்டு தாயிடமிருந்தும் வந்ததால். சேயில் போய் அதை எடு என்றால் இப்போது மறுத்துவிடும். தாயோடு நின்றால் போதும், சேய்க்கு இறங்க வேண்டாம் என்று குறித்துத் தாயில் போடவும் வழி உண்டு. இதற்கான செலவு பட்டியல் வரிசைகள். மாதம் ஒரு பகுப்பு வீதம் பத்தாண்டு ரசீதை 120 பகுப்பாக வைத்து, 9 பத்திக்கு நாட் நல் போட்டால், 120 × 9உம் தாயின் 9உம் சேர்ந்து 1,089 பட்டியல் வரிசை. முன்பு இது பூஜ்யம். நியாயமான விலை என்றுதான் சொல்வேன்.

17இலிருந்து 18க்கு மாறப் போகிறவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. தாயில் நாட் நல், சேயில் தளர்வு என்று எங்காவது கிடந்தால் மேம்படுத்தும் கருவி முன்கூட்டியே கண்டுபிடித்து நின்றுவிடும். முரண்பட்ட பத்திகளின் பட்டியலை ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அந்தக் கோப்பு எத்தனை வரி என்பதுதான் அந்த அலுவலகம் இத்தனை ஆண்டு நாட் நல்லை எப்படி நடத்தியது என்பதற்கு மதிப்பெண்.

இவ்வளவு சொன்ன பிறகும், பண வரவுக் கணக்குக்கு இந்த மரபுரிமையை நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் ரசீது எண். தாயில் ‘ரசீது எண் முதன்மைச் சாவி’ என்று போட்டால் அது தாய் அட்டவணையின் சொந்த வரிசைகளை மட்டுமே காக்கும். தனித்தன்மைச் சுட்டெண்கள் சேய்க்கு இறங்குவதில்லை. வேறோர் அட்டவணையின் வரிசையைச் சுட்டும் அயல் சாவியும், தாயைச் சுட்டினால் சேயின் வரிசைகளைக் காணாது. ரசீது எண் 1042 குடும்பத்தில் ஒன்றும் கம்பெனியில் ஒன்றும் இருக்கலாம். எண் வழங்கும் தொடரை எல்லோருக்கும் பொதுவாக வைத்தால் வழக்கமாக மோதாது. ஆனால் ஒருவர் கையால் எண்ணை அடித்தால் தடுக்க யாருமில்லை. ஒரே எண்ணில் இரண்டு ரசீது என்பது கோயில் கணக்கில் தட்டச்சுப் பிழையாகப் பார்க்கப்படாது, களவாகப் பார்க்கப்படும்.

ஃபௌலரின் இரண்டாவது வழி, தாயும் கிளையும் அயல் சாவியால் கட்டப்பட்ட வடிவம், இங்கே எவ்வளவு ஆகும்? ஒவ்வொரு ரசீதுக்கும் கிளையில் இன்னொரு வரிசை: தலைப்பு 24, சுட்டி 4, ரசீது எண்ணை மறுபடி எழுத 8, ஆக 36 பைட். தாய் வரிசையில் இனி நல் இல்லாததால் 8 மிச்சம். நிகரம் 28 × 10,000 = 2,80,000 பைட், 35 பக்கம். கிளைகளின் முதன்மைச் சாவிச் சுட்டெண் சுமார் 30 பக்கம். வெளிநாட்டுக் குடும்பத்துக்கு இரண்டு கிளை வரிசை வேண்டும் என்பதால் இன்னும் இரண்டு மூன்று. 70 பக்கம் என்று வைத்துக்கொண்டாலும் 560 கிலோபைட். தேர் வடம் பிடிக்கும்போது கூட்டத்தில் ஒருவர் கைபேசியில் எடுக்கும் ஒரு படம் இதைவிடப் பல மடங்கு பெரிது. அந்த விலைக்கு ரசீது எண் எங்கும் இரட்டிக்காது, 14 பத்திக்கும் அதது இருக்க வேண்டிய இடத்தில் காவல் போடலாம். ஓர் ஓட்டை மட்டும் மிஞ்சும்: தாயில் ரசீது இருந்து கிளையில் எதுவுமே எழுதப்படாமல் போகலாம். இல்லாத வரிசையை நாட் நல்லால் பிடிக்க முடியாது. பரிவர்த்தனை முடியும் தருணத்தில் தானாக ஓடும் ஒரு விசை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

இனி, பிரித்த பிறகும் போகாத வெறுமை. கம்பெனிக்குக் கோத்திரம் இல்லை என்பது ஒரு வெறுமை. குடும்பத்துக்குக் கோத்திரம் உண்டு, வந்தவருக்குத் தெரியவில்லை என்பது வேறு வெறுமை. 1970இல் உறவுமுறைத் தரவுத்தளத்துக்கு அடித்தளம் போட்ட எட்கர் காட், 1990இல் எழுதிய நூலில் இவ்விரண்டுக்கும் இரண்டு தனிக் குறி வேண்டும் என்றார். கணக்குப் பார்த்து மற்றவர்கள் பின்வாங்கினார்கள்: உண்மை, பொய் என்று இரண்டே மதிப்பு இருந்தால் ‘மற்றும்’ என்ற இணைப்புக்கு 4 கட்ட வாய்ப்பாடு, தெரியாததைச் சேர்த்தால் 9, பொருந்தாததையும் சேர்த்தால் 16. தரவுத்தளக் கேள்விமொழியான எஸ்கியூஎல் 9ஓடு நின்றுவிட்டது. பொருந்தாததை அட்டவணையைப் பிரித்து ஒழிக்கலாம், மேலே பார்த்தோம். தெரியாததை எந்தப் பிரிவினையும் ஒழிக்காது. நாட் நல் போட்டால் அது பொய்யாக மாறும், அவ்வளவுதான்.

கோயில் கவுண்டர் இதற்கு முன்பே வழி வைத்திருக்கிறது.

“நட்சத்திரம்?”

“ஓர்மையில்லை. சுவாமி பேருக்கே பண்ணிடுங்கோ.”

அர்ச்சனை நடக்கிறது, யாரும் மறிப்பதில்லை. கோத்திரம் தெரியாதவரைக் காசியப கோத்திரம் என்று சொல்லி சங்கல்பம் செய்வதும் உண்டு. சங்கல்பத்துக்கு அது சரி. சந்நிதியில் நின்றவரைத் திருப்பி அனுப்பாத ஏற்பாடு. அதே ஏற்பாட்டைப் பத்தியின் இயல்பு மதிப்பாகத் தரவுத்தளத்தில் வைத்தால், பத்தாண்டு கழித்து கோத்திரவாரியாகக் கணக்கெடுப்பவருக்குக் கல்பாத்தியில் பாதிப் பேர் காசியபராகத் தெரிவார்கள். உண்மையான காசியபர் யார், ஞாபகமறதிக்காரர் யார் என்று பிரிக்க எந்தக் கட்டளையும் உதவாது.

பெயரில் இந்தக் கட்டாய நிரப்பல் உலகளாவிய தொல்லை. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் பாலக்காட்டுத் திருநெல்லாயிக்காரர். முழுப்பெயர் திருநெல்லாயி நாராயண ஐயர் சேஷன். ஊர், தகப்பனார், தான். மூன்று பகுதியிலும் மேற்கத்தியப் படிவம் கேட்கும் குடும்பப்பெயர் கிடையாது. மூணாறு எஸ்டேட் லயத்தில் பிறந்து ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுத்தவருக்கு அந்த இரண்டு முன்பகுதியும் இல்லை. அமெரிக்க விசாவில் இப்படிப்பட்டவருடைய ஒரே பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குப் போய், சொந்தப் பெயர்க் கட்டத்தில் ‘எஃப்என்யூ’ என்று விழும். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். அங்கே ஓட்டுநர் உரிமம், வங்கி அட்டை எல்லாம் அதே பெயரில் வரும். 2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டுக்காரர்களைச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. ஒரு பத்தியின் மேல் போட்ட நாட் நல், விமான நிலைய வரிசையில் நிற்பவரிடம் டிக்கெட் காசாக வசூலானது.

உள்ளூரிலும் விலைப்பட்டியல் உண்டு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி நன்கொடைக்கு 80ஜி வரிச்சலுகை பெற்ற அமைப்புகள், 2021–22 நிதியாண்டு முதல் படிவம் 10பிடியில் ஒவ்வொரு நன்கொடையாளருக்கும் பான், ஆதார் போன்ற ஓர் அடையாள எண்ணோடு விவரம் தாக்கல் செய்ய வேண்டும் என்று ஆனது. தாமதக் கட்டணம் நாளுக்கு 200 ரூபாய் என்று அந்தச் சட்டம் வைத்தது. ஒரு மாதம் போனால் 6,000. தண்டம் தனி, 10,000இலிருந்து 1,00,000 வரை. பான் பத்திக்கு முதல் நாளிலேயே காவல் போடாமல், மே மாதக் கடைசியில் ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்கும் அமைப்புகளுக்குத் தெரியும், நல் எப்போது மலிவு, எப்போது விலை அதிகம் என்று.

தாமதமாக நாட் நல் போடுவதற்குத் தரவுத்தளமும் கட்டணம் வாங்கும். ஏற்கெனவே இருக்கும் பத்தியில் அதைப் போட்டால் முழு அட்டவணையையும் படித்துச் சரிபார்க்கும். படித்து முடிக்கும்வரை வேறு யாரும் அதைத் தொட முடியாத முழுப் பூட்டு. நம் 10,000 ரசீதுக்குக் கண் சிமிட்டும் நேரம். 10 கோடி வரிசை, வரிசைக்கு 200 பைட் என்றால் 20 ஜிகாபைட். நொடிக்கு 500 மெகாபைட் படிக்கும் வட்டில் 40 நொடி. கட்டண நுழைவாயிலில் 40 நொடி என்பது பெரிய காலம். 2019இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து குறுக்குவழி உண்டு: ‘வெறுமை இல்லை’ என்று ஒரு சரிபார்ப்பு விதியைச் சரிபார்க்காமலே சேர்த்து வைத்து, பிறகு எழுதுவோரைத் தடுக்காத மெல்லிய பூட்டில் சரிபார்த்துவிட்டால், நாட் நல் போடும்போது மறுபடி படிக்காது. 18இல் இந்தச் சுற்றுவழியும் வேண்டாம்; நாட் நல்லையே ‘இனி வருவதற்கு மட்டும்’ என்று சேர்த்து, பழையதைப் பிறகு சரிபார்க்கலாம். தாய் அட்டவணையில் போட்டால் இதெல்லாம் ஒவ்வொரு சேயிலும் நடக்கும் என்பதையும் நேரக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆக, நம் கமிட்டியின் 14 பத்திகளில் 12க்குக் காவல் போடுவேன். கோத்திரம், நட்சத்திரம் இரண்டையும் திறந்தே விடுவேன். மரபுரிமை வடிவில் ‘குடும்பம்’ 9 பத்தி என்பதால் தெரியாத கோத்திரத்தோடு வரும் வரிசை ஒவ்வொன்றுக்கும் 8 பைட் ஆகும். 8,000 குடும்பமும் மறந்தே வந்தாலும் 64,000 பைட், 8 பக்கம். தாய்–கிளை வடிவில் குடும்பக் கிளைக்கு ரசீது எண்ணோடு 5 பத்திதான், வரைபடம் 24க்குள்ளேயே அடங்கும். அங்கே ‘ஓர்மையில்லை’க்கு ஆகும் செலவு 0 பைட்.